அம்பாசடருக்கு எதுக்கு ஒப்பாரி?

அம்பாசடர் என்றாலே ஆத்தூரிலிருந்து திண்டுக்கல் வரை எல்லோருக்கும் கண் கலங்கிவிடுகிறது. 'நம்ம ஊரு வண்டி சார்!' நம்ம ஊரா? அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சாமி! 1950களின் கடைசியில் வங்காளத்து உத்தர்பாராவில் வேஷம் மாற்றிக்கொண்டது.

அப்புறம் முப்பது வருஷம் அதே 1,489 சிசி பெட்ரோல் இன்ஜினை நம் தலையில் கட்டினார்கள். டீசல் கேட்டால், அதுவும் 1,489 சிசிதான்! பத்துப் பேர் ஏறிப்போனது நிஜம்தான். அது வண்டியின் பெருமையா, நம் சொந்தக்காரர்களின் பெருமையா? போட்டி இல்லை, லைசென்ஸ் ராஜ்யம். எதற்கு மாற்றுவான்? 1983-ல் மாருதி வந்து உதைத்த பிறகுதான், 1990களில் இசுஸு 1.8 லிட்டர் இன்ஜினும் ஐந்தாவது கியரும் வந்தன. 2014-ல் உற்பத்தி நின்றது. 2017-ல் பெயர் மட்டும் பெஜோவுக்கு 80 கோடி ரூபாய்க்குப் போனது.

விசுவாசம் என்கிறீர்களே, பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள், வேறு வண்டி இருந்ததா என்று.