மரக்கணக்கும் நிலக்கணக்கும்

மரம் எங்கே நடப்பட்டாலும் அது புவியைக் குளிர்விக்கும் என்னும் கூற்று, அரசுத் திட்டங்களிலும் நிறுவன விளம்பரங்களிலும் ஐயத்துக்கு இடமற்ற உண்மையாக வழங்கி வருகிறது. வளரும் மரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சித் தன் உடலில் கார்பனாகச் சேர்த்து வைக்கிறது என்பதும், காடழிப்பு அச்சேமிப்பை மீண்டும் காற்றில் கலக்கிறது என்பதும் மறுப்பதற்கு உரியவை அல்ல. நிலத்துக்கும் காலநிலைக்கும் உள்ள உறவு முழுவதையும் அந்த ஒரு வரவில் அடக்கிவிடுவதே மறுப்பதற்கு உரியது.

முதலாவதாக, எல்லா அட்சரேகைகளிலும் மரம் குளிர்ச்சி தரும் என்பது சரியன்று. நிலப்பரப்பு தன்மேல் விழும் சூரிய ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதை எதிரொளிப்புத் திறன் என்பர். புதிய வெண்பனி ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பிவிட, அதற்கு மேலே எழும் ஊசியிலைக் காட்டின் கருமை அதை உறிஞ்சி வெப்பமாக்குகிறது. வடபுலப் பனிநிலங்களில் காடு வளர்த்தால் கார்பன் சேமிப்பால் வரும் குளிர்ச்சியின் பெரும்பகுதியை இவ்வெப்பமே ஈடுசெய்துவிடக்கூடும் என்று ரிச்சர்டு பெட்ஸ் 2000இல் காட்டினார். கோவிந்தசாமி பாலாவும் உடனாய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட கணினி மாதிரி ஆய்வு, வெப்பமண்டலக் காடழிப்பு புவியைச் சூடாக்குவதையும், வடபுலக் காடழிப்பு அதற்கு மாறாகக் குளிர்விப்பதையும் கண்டது. வடபுலக் காட்டை வெட்டலாம் என்பது இதன் பொருளன்று. மரத்தின் விளைவை இடமே தீர்மானிக்கிறது என்பதே பொருள்.

இரண்டாவதாக, மரம் நட்டால் நீர் பெருகும் என்பதும் பொதுவிதி ஆகாது. அமேசான் போன்ற பரந்த காடுகளில், வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக வெளியிடும் நீராவிப்போக்கு மேகமாகி மீண்டும் மழையாவது உண்மையே. ஆயினும் வெளியேறும் ஆவி அதே இடத்தில் மழையாகத் திரும்பும் என்பதற்கு உறுதி இல்லை. நீலகிரியின் கிளன்மார்கனில் அருகருகே அமைந்த இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளுள் ஒன்றில், ஏறத்தாழ 59 விழுக்காட்டுப் பரப்பில் தைலமரம் நட்டு ஒப்பிட்டபோது, ஓடிவரும் நீர் முதல் பத்தாண்டுச் சுழற்சியில் சுமார் 16 விழுக்காடும், வெட்டிய அடிமரங்கள் மீண்டும் தழைத்த இரண்டாம் சுழற்சியில் சுமார் 25 விழுக்காடும் குறைந்தது.

மூன்றாவதாக, மரமில்லாத நிலம் வெறும் நிலம் என்னும் கருத்து, புல்வெளியைத் தரிசு என்று பதிந்த வருவாய்க் கணக்கின் எச்சமாகும். நீலகிரியின் உயர்மலைகளில் பள்ளங்களில் சோலைக்காடும் சரிவுகளில் புல்வெளியும் இணைந்தே ஓர் இயற்கை அமைப்பாக நின்றன. புல் தன் கார்பனைப் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில் சேர்ப்பதால், மேலே தீ பரவினாலும் அது பெரிதும் காக்கப்படுகிறது. அச்சரிவுகளை மூடிய சீகையும் தைலமரமும் சேர்க்கும் கார்பனில் பெரும்பங்கோ, வெட்டுக்கும் தீக்கும் எளிதில் இரையாகும் தண்டிலேயே தங்குகிறது.

நான்காவதாக, எரிபொருள் வெளியேற்றத்தை மரநடவு ஈடுசெய்துவிடும் என்பர். 90 கோடி ஹெக்டேரில் மரங்களை மீட்டால் 20,500 கோடி டன் கார்பனைச் சேமிக்கலாம் என்ற 2019ஆம் ஆண்டு ஆய்வே இதற்குச் சான்றாக எடுத்தாளப்படுகிறது. மரமீட்பே மிகப் பயனுள்ள தீர்வு என்று அவ்வாய்வில் எழுதிய ஆசிரியர்களே, கடும் விமரிசனத்துக்குப் பின் 2020இல், மிகப் பயனுள்ள வழிகளுள் ஒன்று என்று அதைத் திருத்திக்கொண்டனர். காடு முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும்; புகையோ ஆண்டுதோறும் உடனுக்குடன் சேர்கிறது.

ஆகவே ஒளி, நீர், கார்பன் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நிற்கும் வெப்பமண்டலக் காட்டை வெட்டாமல் காப்பது முதற்கடமையாகவும், அழிந்த காட்டை அதற்குரிய மரங்களாலேயே மீட்பது அடுத்ததாகவும் அமைகின்றன. புல்வெளியைப் பொறுத்தவரை, அங்கே நடாமல் விடுவதே காலநிலைக்குச் செய்யும் பணியாகும்.