உளுந்து துறைமுகத்தில் எத்தனை நாள் தூங்குகிறது?

நம் வீட்டு இட்லியில் பர்மா உளுந்தும் சேர்ந்திருக்கலாம். இப்போது மியன்மார் என்று பெயர். அங்கிருந்து உளுந்து கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்துக்கு வருகிறது.

கப்பல் வந்ததும் மூட்டை கடைக்கு வந்துவிடுமா? வராது! சுங்க இலாகா பார்க்க வேண்டும். பூச்சி, நோய் உண்டா என்று சோதிக்க வேண்டும். உணவுக்கு ஏற்றதா என்றும் பார்க்க வேண்டும். இத்தனைக்கும் வியாபாரி நேரில் அலைவதில்லை. கிளியரிங் ஏஜெண்டிடம் ஒப்படைக்கிறார். 2013 விதிகள் அவரைச் சுங்கத் தரகர் என்றன. துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள், இன்றும் ஏஜெண்டுதான்.

தாமதமானால் செலவு. இலவச நாட்கள் கழிந்ததும் டெமரேஜ் ஏறும். காலிக் கன்டெய்னரைத் திருப்பித் தரத் தாமதித்தால் கப்பல் கம்பெனிக்குத் தனி வாடகை. வியாபாரி கைப்பணத்தையா இழப்பார்? உளுந்து விலையில் வைப்பார்.

ஆகவே ஏஜெண்டின் சேவை நல்லதா, கெட்டதா என்று அளப்பது நம் அடுப்படி விஷயமும்தான்.

அரசாங்கம் கடிகாரத்தால் அளக்கிறது. சரக்கு வந்ததிலிருந்து சுங்க அனுமதி வரை எத்தனை மணி என்று 2019-ல் தேசிய அளவில் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். கடல் வழி இறக்குமதிக்கு வகுத்த இலக்கு 48 மணி. விமானச் சரக்குக்கு 24. கப்பல் வருமுன்பே தஸ்தாவேஜுகளைத் தாக்கல் செய்தால் சீக்கிரம் விடுதலை என்பதும் தெரிந்தது. உலக வங்கியும் சரக்குப் போக்குவரத்துக்கு மார்க்குப் போடுகிறது. 2023-ல் 139 நாடுகளில் சிங்கப்பூர் முதலிடம், இந்தியா 38.

இதெல்லாம் நாட்டுக்கு மார்க்கு. ஏஜெண்டுக்கு?

சராசரியை நம்பக்கூடாது. ஒருவர் நான்கு சரக்கை மும்மூன்று நாளில் எடுக்கிறார். இன்னொருவர் மூன்றை ஒவ்வொரு நாளில் எடுத்து, நான்காவதை ஒன்பது நாள் இழுக்கிறார். இருவருக்கும் சராசரி மூன்றுதான்! ஆனால் அந்த ஒன்பது நாளும் ஆலையில் உளுந்து இல்லை. தினக்கூலிக்கு வேலை இல்லை.

1988-ல் பரசுராமன், ஸைதாம்ல், பெர்ரி என்ற மூன்று பேராசிரியர்கள் 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். எதிர்பார்த்தது என்ன, கிடைத்தது என்ன என்று இரண்டையும் கேட்டு, வித்தியாசத்தைப் பார்ப்பது அது. நல்ல யோசனைதான். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி செய்யும் வேலையில் ஒரு சிக்கல். யாரைக் கேட்பது? கூலி குறைவென்று கணக்கப்பிள்ளை மெச்சுவார். லாரிக்குக் காத்திருந்த கோடவுன்காரர் திட்டுவார். கோடவுன்காரரைக் கேட்பதே மேல்!

நியாயமும் வேண்டும். வியாபாரி இன்வாய்ஸைத் தாமதமாய்த் தந்துவிட்டு ஏஜெண்டைக் குறை சொல்வதுண்டு. ஆகவே தாள் கிடைத்த நேரம், தாக்கல் செய்த நேரம், தீர்வை கட்டிய நேரம், வாசலைக் கடந்த நேரம் என்று பிரித்துக் குறிக்க வேண்டும். யாரிடம் எத்தனை மணி போயிற்று என்பது அப்போது தெரிந்துவிடும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டுப்புத்தகம் போதும்.