நெல்லுக்கும் இரவு உண்டு

காரைக்காலில் விவசாயப் பேச்சு எடுத்தால் முதல் கேள்வி, "தண்ணி வந்துச்சா?" என்பதுதான். காவிரியின் கடைமடைக்காரர்கள் நாம். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களா, அரசலாற்றில் நம் பங்கு வந்து சேருமா என்ற கவலையிலேயே காலம் போய்விட்டது. தண்ணீர் எவ்வளவு என்று கேட்கிறோம். வயலில் சூடு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. இனி அதையும் கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

இளம்பருவத்தில் நெல்லின் வளரும் குருத்து அடித்தண்டில், தண்ணீருக்குள் இருக்கிறது. ஆகவே அது இலை விடுவதும் தூர் கட்டுவதும் பெரும்பாலும் வயல் நீரின் வெப்பத்தைப் பொறுத்தவை. தண்டு உயர்ந்து குருத்து நீருக்கு மேலே வந்துவிட்டால் அப்புறம் காற்றின் வெப்பம்தான் எஜமான். ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோ விவசாயிகள் இதை நன்றாக அறிவார்கள். சூல் கட்டும் சமயத்தில் குளிர் தாக்கினால் மகரந்தம் கெடும் என்பதால், வயலில் தண்ணீரை ஆழமாகக் கட்டி இளங்கதிரைக் காப்பாற்றுகிறார்கள்.

நம் கவலை நேர்மாறு. பூக்கும் நேரத்தில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் கருவுறுதல் கெட்டு மணிகள் பதராகும். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு டிகிரி என்றால் 'சாந்திகிராத்'தான்!) இரவுச் சூடு இன்னும் சூதானது. பகலில் சேர்த்த சத்தைப் பயிர் இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல் கணக்கு 2004-ல் வெளிவந்தது. இரவின் குறைந்தபட்ச வெப்பம் 1 டிகிரி கூடினால், வறண்ட பருவத்து மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்ததாம்.

பதிவேட்டில் ஏறாத செலவை எவரும் கவனிக்க மாட்டார்கள். குமாஸ்தா உத்தியோகம் எனக்குக் கற்றுத் தந்த பாடம் இது. வெள்ளச் சேதம் கண்ணுக்குத் தெரியும். வறட்சியில் வயல் வெடித்துக் காட்டும். சூடான இரவுகளின் சேதமோ பயிர் பச்சையாக நிற்கும்போது தெரியாது. களத்தில் தூற்றும்போதுதான் தெரியும்.

ஊருக்கு ஒரு வெப்பமானி வைத்து, காற்றின் வெப்பத்தையும் வயல் நீரின் வெப்பத்தையும் தினமும் எழுதி வைத்தால் என்ன? பகல் வெயிலைச் சொல்வது போல் இரவு வெப்பத்தையும் விவசாயிக்குச் சொல்லலாம். பூக்கும் நாட்கள் கடும் வெயிலில் விழாதபடி ரகத்தையும் விதைப்பு நாளையும் தேர்ந்தெடுக்க அது உதவும். பூக்கும்போது வயலைக் காயவிடாமல் இருந்தால் பயிர் ஓரளவு தானே குளிர்ந்துகொள்ளும்.

இதற்கு அணை வேண்டாம், கோடிகளும் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும்.