தலையெழுத்தா, கத்தியெழுத்தா?

நம் வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற மாதம் இரண்டு வாரம் பள்ளிக்கு வரவில்லை. வந்தபோது தலை மழிக்கப்பட்டிருந்தது. கேட்கவேண்டிய தேவை இல்லை, கேட்டோம். "அம்மாவுக்கு வயிற்றிலே ஆப்பரேசன் செய்தார்கள் ஐயா. நான்கு நாள் கழித்து மறுபடியும் திறந்தார்கள்" என்றான். அதற்குமேல் அவன் சொல்லவில்லை.

மாலையிலே வீட்டிற்குச் சென்றோம். தந்தை கொத்தனார். சுவரிலே சாய்ந்தபடி அமர்ந்திருந்தார். இரண்டாம் முறை ஏன் திறந்தார்கள் என்று கேட்டதற்கு அவருக்கு விடை தெரியவில்லை. எவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "அவளுக்கு எழுதிவைத்தது அவ்வளவுதான் வாத்தியாரே" என்றார். சூழ இருந்தோர் அனைவரும் தலையசைத்தனர். வழக்குத் தொடுக்கப்படுமுன்பே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது. குற்றவாளி பிரமன், அவனுக்கு முகவரி இல்லை, ஆகவே வழக்கு முடிந்தது!

எந்த மருத்துவமனை என்று இங்கே எழுதப் போவதில்லை. தவறு நேர்ந்ததா, நேர்ந்ததெனில் யாருடையது என்பது நமக்குத் தெரியாது. உள்ளபடியே நோய் முற்றியிருக்கலாம். மருத்துவர் தம்மால் ஆனதனைத்தும் செய்திருக்கலாம். தெரியாது என்பதுதான் நம் குற்றச்சாட்டே. ஓர் உயிர் போயிருக்கிறது. எப்படிப் போயிற்று என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வழி உண்டு என்பதும் தெரியாது. இந்த இருட்டுக்குப் பெயர் விதி என்றால், அந்த விதிக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் யார்?

ஒரு பழைய வழக்கைச் சொல்லுகிறோம். கதையன்று; உச்சநீதிமன்றத்தின் ஏட்டிலே இருப்பது. 1963-ஆம் ஆண்டு, சூலைத் திங்கள். மகாராட்டிரத்திலே, அன்று ஔரங்காபாத் என்றழைக்கப்பட்ட நகரின் அரசு மருத்துவமனை. பிள்ளைப் பேற்றுக்காக ஒரு பெண் சேர்ந்தாள். பிள்ளை பிறந்தது. பின்னர்க் கருத்தடை அறுவை செய்தனர். காய்ச்சல் வந்தது, வயிறு வலித்தது, வலி வளர்ந்தது. மற்றொரு மருத்துவர் வந்து வயிற்றை மீண்டும் திறந்தார். உள்ளே இருந்தது நோயன்று, பேயன்று, முன்வினைப் பயனன்று. ஒரு துண்டு! குருதி ஒற்றுவதற்காக வைத்த துணித் துண்டு, எடுக்கப்படாமல், தைக்கப்பட்ட வயிற்றினுள்ளே, சீழ் சூழக் கிடந்தது. அந்தத் திங்கள் முடியுமுன் அவள் மாண்டாள்.

கணவரும் பிள்ளைகளும் வழக்குத் தொடுத்தனர். கீழ் நீதிமன்றம் 36,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்றது. உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. மருத்துவமனை நடத்துவது அரசின் இறைமைச் செயலாம். அங்கே ஊழியர் தவறினால் அரசு பொறுப்பேற்கவேண்டியதில்லையாம்! துண்டுக்கும் இறைமைக்கும் என்ன உறவு என்று அந்தக் கணவர் எண்ணியிருப்பாரோ, நாமறியோம். உச்சநீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு அந்த வாதத்தை ஒதுக்கிற்று. மருத்துவமனை மக்கள் நலப் பணி. துண்டு தானாக வயிற்றினுள் நுழைவதில்லை. அது அங்கே கிடந்ததே கவனக்குறைவுக்குச் சான்று. அரசு கொடுத்தேயாகவேண்டும் என்றது. கீழ் நீதிமன்றத்தின் 36,000 ரூபாய் மீண்டும் உயிர் பெற்றது. அவள் உயிர் பெறவில்லை.

1963-லிருந்து 1996. முப்பத்து மூன்று ஆண்டுகள்! அன்று பிறந்த குழந்தைக்கு வயது முப்பத்து மூன்று. துண்டை எண்ணிப் பார்க்க எவ்வளவு நேரமாகும்? ஒரு நிமிடமா, இரண்டு நிமிடமா? அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடாதவர்களைக் கேள்வி கேட்க, ஒரு குடும்பம் ஒரு தலைமுறையைச் செலவிட்டது.

எண்ணுவது பெரிய வித்தையன்று. கத்தி வைக்குமுன் துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் எண்ணுகிறார்கள். உள்ளறையை மூடுமுன் எண்ணுகிறார்கள். தோலைத் தைக்கும்போது மறுபடியும் எண்ணுகிறார்கள். இருவர், வாய்விட்டு. இன்று அறுவைக்கான துணிகளிலே எக்ஸ்ரேயில் தெரியும்படி ஓர் இழையும் வைத்து நெய்கிறார்கள். கணக்குக் குறைந்தால் படமெடுத்துப் பார்க்கலாம். இவ்வளவு இருந்தும் துணி உள்ளே தங்குகிறதென்றால், குறை எண்ணத் தெரியாமையில் இல்லை. 'ஒன்று குறைகிறது' என்று சொல்லச் செவிலிக்கு நா எழவேண்டும். சொன்னபோது பெரிய மருத்துவரின் கை நிற்கவேண்டும். அங்கேதான் முட்டுகிறது! மேலே இருப்பவர் தவறமாட்டார், கீழே இருப்பவர் பேசலாகாது - இந்தப் பாடத்தை நாம் எங்கே கற்றோம் என்று இந்த ஏட்டின் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வெளியே வீதியிலே கற்ற பாடம், வெள்ளை அங்கி அணிந்து உள்ளே வந்து நிற்கிறது.

2008-ஆம் ஆண்டு உலக நல நிறுவனம் ஒரு தாள் வெளியிட்டது. ஒரே தாள், பத்தொன்பது வினாக்கள். நோயாளர் இவர்தானா? அறுக்கவேண்டிய இடம் இதுதானா? மருந்து ஒவ்வாமை உண்டா? கணக்குச் சரியா? கத்தி வைக்குமுன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் சொல்லவேண்டும் என்பதும் அதிலே உண்டு. சிரிப்புக்கு இடமானதன்று, பெயர் சொன்னவனுக்குத்தான் பிறகு வாயும் திறக்கும். தில்லி உட்பட எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளிலே இதை ஆய்ந்து, 2009-இலே முடிவை வெளியிட்டனர். அறுவைக்குப் பின் இறந்தோர் நூற்றுக்கு 1.5 ஆக இருந்தது 0.8 ஆகக் குறைந்தது. யாகமில்லை, நேர்த்திக்கடனில்லை, ஒரு தாள்! அந்த மருத்துவமனைகளிலே பிழைத்தவர்களின் தலையெழுத்தைப் பிரமன் இடையிலே திருத்தி எழுதினானா?

மருத்துவர் கடவுளுக்குச் சமம் என்போர் உண்டு. அவர்தாம் மருத்துவருக்குப் பெரும் பகைவர். கடவுள் தவறமாட்டார், ஆதலால் கணக்கும் காட்டமாட்டார். மனிதர் தவறுவார், தவற்றை எழுதிவைத்தால் அடுத்த முறை தவறாதிருக்கக் கற்பார். பாஸ்டன் நகரிலே எர்னஸ்ட் காட்மன் என்றோர் அறுவை மருத்துவர் இருந்தார். ஒவ்வொரு நோயாளரும் ஓராண்டு கழித்து எப்படியிருக்கிறார் என்று தேடிப் பார்த்து எழுதவேண்டும், தவறு நேர்ந்திருந்தால் காரணத்தையும் எழுதவேண்டும் என்றார். உடன் பணியாற்றியோர் முகம் சுளித்தனர். அவர் தாமே ஒரு சிறு மருத்துவமனை வைத்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளர்களின் கணக்கிலே 123 தவறுகளைத் தாமே எண்ணி அச்சிட்டு வெளியிட்டார். அறிவியல் என்பது அந்த 123-தான். எங்கள் மருத்துவமனையில் தவறே நேர்வதில்லை என்போர் பேசுவது அறிவியலன்று, தலபுராணம்.

சட்டம் இல்லையா என்பீர். இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவருக்கும் பொருந்தும் என்று, மருத்துவர் சங்கமே எதிர்த்து வாதாடிய வழக்கிலே, உச்சநீதிமன்றம் 1995-இலே உறுதிப்படுத்திற்று. வரவேற்கிறோம். ஆனால் அதே தீர்ப்பிலே ஒரு வாயில் அடைபட்டது. எல்லோருக்கும் இலவசமாக மருத்துவம் செய்யும் இடம் அச்சட்டத்துக்குள் வாராது. 2019-இலே சட்டத்தைப் புதுக்கியபோதும் இலவசச் சேவை வெளியிலேயே நின்றது. காசு கொடுத்தவன் நுகர்வோன். அவனுக்கு விரைவு மன்றம். காசற்றவன் யார்? அவன் வயிற்றிலே தங்கும் துண்டு வேறு வகைத் துண்டா? வரி கொடுத்துத்தானே அவனும் அந்தக் கட்டடத்தை எழுப்பினான்! அவன் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்பர். போகலாம், முப்பத்து மூன்று ஆண்டு வாழ்ந்திருக்க ஒப்புக்கொண்டால்.

ஏழையின் உடலை எப்படி மதித்தனர் என்பதற்குப் பீகாரின் அரரியா மாவட்டத்தைப் பாருங்கள். 2012 சனவரியிலே ஒரு பள்ளிக்கூடத்திலே, இரவிலே, கைவிளக்கொளியிலே, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தனர். பள்ளிக்கூடத்திலே! நாம் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும் அதுபோன்ற மேசைகளின் மீது. அதன் பிறகேனும் விழித்தார்களா? 2014 நவம்பரிலே சத்தீசுகரின் பிலாசுப்பூர் அருகே, மூடிக்கிடந்த ஒரு மருத்துவமனைக் கட்டடத்திலே சில மணி நேரத்தில் 83 பெண்கள். ஒரு குழு ஒரு நாளில் முப்பதுக்குமேல் செய்யலாகாது என்பது அரசே வகுத்த விதி. பதின்மூன்று பெண்கள் இறந்தனர். மாத்திரையிலே நஞ்சு என்றனர் சிலர், கிருமித் தொற்று என்றனர் சிலர். அறுத்த மருத்துவரோ, ஆயிரமாயிரம் அறுவை முடித்தவர் என்று அதே ஆண்டு அரசின் பாராட்டைப் பெற்றவர்! எண்ணிக்கைக்குப் பரிசு கொடுத்தவர்கள் எதை எண்ணினார்கள்? 2016-இலே உச்சநீதிமன்றம், இத்தகைய முகாம்களை மூன்றாண்டுக்குள் நிறுத்துக என்று ஆணையிடவேண்டியதாயிற்று.

மருத்துவரைச் சிறைக்கு அனுப்பவேண்டும் என்பதன்று நம் கூக்குரல். கைதவறிய ஒவ்வொருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால், ஆபத்தான நோயாளரைத் தொட எவரும் முன்வரார். மிகக் கொடிய கவனக்குறைவு இருந்தாலன்றிக் குற்ற வழக்கு நில்லாது, தகுதியுள்ள வேறொரு மருத்துவரின் கருத்துப் பெறாமல் வழக்கை நடத்தலாகாது என்று 2005-இலே உச்சநீதிமன்றம் சொன்னது முறையே. மருத்துவமனைக் கண்ணாடியை உடைப்பவர்களையும் பயிற்சி மருத்துவரை அடிப்பவர்களையும் நாம் ஏற்கவில்லை. இரவும் பகலும் விழித்து வேலை செய்யும் அந்த இளைஞன் மீது கல்லெறிவது, கட்டிலுக்கு ஆளும் ஆளுக்கு ஓய்வும் கொடாத ஆட்சியாளரைத் தப்பவிடுவதாகும். ஆனால் ஒன்று கேட்கிறோம். வேறொரு மருத்துவர் கருத்துத் தரவேண்டும் என்கிறது சட்டம், தருகிறாரா? தம் துறைத் தோழருக்கு எதிராக உண்மை எழுத எத்தனை பேனா திறக்கிறது? சாதிக் கட்டுப்பாட்டை ஊரிலே எதிர்ப்போம், தொழிற் கட்டுப்பாட்டை மருத்துவமனையிலே வணங்குவோமா?

கொத்தனார் ஒரு தாளைக் காட்டினார். அறுவைக்குமுன் கையொப்பம் வாங்கிய தாளின் படி. "இதிலே கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி என்ன கேட்பது?" என்றார். ஆங்கிலத்திலே அச்சிட்டிருந்தது, அவர் தமிழிலே கையொப்பமிட்டிருந்தார். அறுக்க இசைந்தேன் என்பது அதன் பொருள். கவனமின்றி அறுக்க இசைந்தேன் என்பதன்று. இதை அவருக்கு விளக்க அரை மணி நேரமாயிற்று. அடுத்ததை விளக்க இன்னும் அரை மணி: நோயாளரோ அவருடைய உறவினரோ எழுதிக் கேட்டால், மருத்துவக் குறிப்புகளை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் கூறுகின்றன. "கேட்டால் கொடுப்பார்களா?" என்றார். "கேட்டுப் பார்ப்போம்" என்றோம்.

விண்ணப்பத்தை அவர் சொல்ல மகன் எழுதினான். எழுத்துப் பிழைகளை மட்டும் நாம் திருத்தினோம். முதல் அறுவையின் குறிப்பு, இரண்டாம் அறுவையின் குறிப்பு, செவிலியர் ஏடு, கருவிகளையும் துணிகளையும் எண்ணிய தாள் - நான்கும் வேண்டுமென்று கேட்டிருக்கிறோம். பெற்றுக்கொண்டதாக முத்திரையிட அலுவலகத்தில் தயங்கினர், இரண்டு மணி நேரம் நின்றோம், இட்டனர். அது திங்கட்கிழமை, முற்பகல் பதினொரு மணி.

இதை எழுதும்போது புதன்கிழமை இரவு.