செல்ஃபைக் கழற்றி எறியாதீங்க!

பழைய பைக் வாங்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். வண்டி வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் எதையாவது கழற்றிவிடுவார்கள். சைலன்ஸர், சைடு பாக்ஸ், மட்கார்டு என்று ஆரம்பித்து, கடைசியில் கை வைப்பது செல்ஃப் ஸ்டார்ட்டரில். முதல் மூன்றும் அவரவர் ரசனை, நான் குறுக்கே வரவில்லை. ஆனால் செல்ஃபைக் கழற்றுவது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, அது ஒரு தப்பான கணக்கு என்பதுதான் என் கட்சி.

முதலில் எதிர்க்கட்சி வாதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ஹாஸ்டலில் அடி விழும் :-) செல்ஃப் மோட்டார், அதற்கான பல்சக்கரங்கள், தடியான ஒயர், பெரிய பேட்டரி எல்லாம் சேர்ந்து சில கிலோ எடை. ஒயரிங் சிக்கல் வேறு. பழைய வண்டியில் அது ஒழுங்காக வேலை செய்வதும் இல்லை. எப்படியும் கிக்கர் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இந்தப் பாரம்? எல்லாமே நியாயமாகத்தான் தெரிகிறது. கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம்.

இந்தச் சண்டைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் நார்ட்டன் கமாண்டோ 850 மார்க் 3. 1975-ல் வந்த பிரிட்டிஷ் வண்டி, 828 சி.சி. அதற்கு ஆறு வருஷம் முன்பே, 1969-ல், ஹோண்டா சிபி 750 செல்ஃபோடு வந்து கலக்க ஆரம்பித்திருந்தது. பட்டனைத் தட்டினால் ஓடுகிற வண்டி கிடைக்கும்போது எவன் உதைத்துக்கொண்டு இருப்பான்? நார்ட்டனும் அமெரிக்கத் தயாரிப்பான பிரெஸ்டோலைட் மோட்டார் ஒன்றை மாட்டியது. பாவம், அந்த மோட்டாரால் குளிர்ந்த இன்ஜினைச் சுற்ற முடியவில்லை. "இது ஸ்டார்ட்டர் இல்லை, கிக்கருக்கு உதவியாளர்" என்று ஓட்டியவர்கள் கேலி செய்தார்கள். நிறைய பேர் கழற்றிவிட்டு, ஓட்டையைத் தகடு போட்டு மூடினார்கள்.

ஆனால் பிற்பாடு தெரிந்தது என்ன? மோட்டாருக்குள் இரண்டு பிரஷ்ஷுக்குப் பதில் நான்கு பிரஷ் வைத்து, பேட்டரியிலிருந்து வரும் ஒயரைத் தடியாக மாற்றினால் அதே மோட்டார் இன்ஜினை நன்றாகவே சுற்றுகிறது!

ஒயருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பத்தாம் வகுப்புக் கணக்கு (காமர்ஸ் படிக்கிறவனுக்கும் இது ஞாபகம் இருக்கிறது, பாருங்கள்). செல்ஃப் மோட்டார் 100 ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒயரிலும் துருப்பிடித்த இணைப்புகளிலும் சேர்த்து வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் வழியிலேயே காலி. அழுத்தும்போது பேட்டரியே 12-லிருந்து இறங்கிவிடும். அதிலும் 2 போனால் மோட்டார் முனகத்தான் செய்யும். நாம் அதைப் பார்த்து "செல்ஃப் போச்சு" என்கிறோம். போனது பல நேரம் ஒயரும் எர்த் இணைப்பும்தான். சில நூறு ரூபாய் வேலைக்குப் பயந்து மொத்த அமைப்பையும் தூக்கி எறிவது என்ன வியாபாரம்?

அடுத்தது, "பழைய வண்டி என்றால் கிக்கர்தான் ஒரிஜினல்" என்ற வாதம். 1914-லேயே அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி செல்ஃப் வைத்த பைக்கை விற்றது. ஹெண்டி ஸ்பெஷல் என்று பெயர். காடிலாக் காரில் செல்ஃப் வந்து இரண்டே வருஷம்தான் ஆகியிருந்தது. அன்றைய பேட்டரிகள் தாங்கவில்லை, கம்பெனி சீக்கிரமே அதைக் கைவிட்டது. முழு அமைப்போடு இன்று மிஞ்சியிருப்பவை மிகச் சொற்பம். அதனாலேயே சேகரிப்பாளர்கள் அதற்கு உயிரை விடுகிறார்கள். அன்றைக்கு உபயோகமில்லை என்று கழிக்கப்பட்டதுதான் இன்றைக்கு அந்த வண்டியின் அடையாளமே. மார்க் 3-ம் அப்படித்தான். செல்ஃபோடு தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் கமாண்டோ அது. அதைக் கழற்றினால் வண்டி ஒரிஜினல் ஆவதில்லை, ஒரிஜினலிலிருந்து விலகுகிறது.

இதெல்லாம் சீமைக்கதை, நமக்கென்ன என்கிறீர்களா? திருவொற்றியூரில் பிறந்த நம்ம புல்லட்டுக்கு வருவோம். பழைய இரும்பு இன்ஜின் புல்லட்டை ஸ்டார்ட் பண்ணுவது ஒரு சடங்கு. கிக்கரை மெதுவாக மிதித்து, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து, டீகம்ப்ரஸர் பிடித்து இன்னும் கொஞ்சம் இறக்கி, பிறகு ஒரே மிதி. தப்பினால் கிக்கர் ரிட்டர்ன் அடிக்கும், கணுக்கால் கதறும். இருபது வயதில் இது கெத்து. எங்கள் பெரியப்பாவுக்கு அறுபது தாண்டி முட்டி போனபோது, நல்ல கண்டிஷனில் இருந்த அவர் புல்லட் ஷெட்டில் போர்வை போர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. ஓட்டத் தெரியும், ஓட்ட ஆசையும் இருக்கிறது, உதைக்க மட்டும்தான் முடியாது. அந்த வண்டியில் செல்ஃப் கிடையாது. இருக்கிற வண்டியிலிருந்து நம் ஆட்கள் பிடுங்கிப் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பைக் நம்மை விட நீண்ட நாள் வாழப்போகிற பொருள். நாளைக்கு அதை ஓட்டப்போவது வயதான நாமாக இருக்கலாம், தங்கையாக இருக்கலாம், உடம்பு முடியாத இன்னொருவராக இருக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். செல்ஃபுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஸ்பிராக் கிளட்ச் என்று ஒன்று உண்டு. மோட்டார் இன்ஜினைச் சுற்றலாம், இன்ஜின் மோட்டாரைச் சுற்றக் கூடாது, அதற்கான ஒருவழிப் பூட்டு. இன்ஜின் திருப்பி அடித்தால் முதல் அடி வாங்குவது இதுதான். இது உடைந்து இரும்புத் துண்டு உள்ளே சுற்ற ஆரம்பித்தால் மற்ற பாகங்களும் சேர்ந்து போகும். அப்போது கழற்றத்தான் வேண்டும், மாற்றுக் கருத்தே இல்லை.

ஆனால் கழற்றுவது வேறு, காயலான் கடைக்குப் போடுவது வேறு. எங்கள் அக்கவுண்டன்சி பாஷையில் சொன்னால், அந்த மோட்டாரின் ஸ்கிராப் மதிப்பு இன்றைக்கு ஒரு வேளை பிரியாணிக்கு வரும். அதே பாகத்தைப் பத்து வருஷம் கழித்துத் தேடினால் என்ன விலை சொல்வார்கள் என்று பழைய வண்டி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். திரும்ப மாட்ட முடிகிற மாற்றம் செலவு, திரும்ப மாட்ட முடியாத மாற்றம் நஷ்டம். இரண்டும் வெவ்வேறு கணக்கில் வரவேண்டியவை.

ஆகவே மக்களே, கழற்றியே தீருவேன் என்று நிற்பவர்கள் இவ்வளவாவது செய்யுங்கள். முதலில் ஒயரையும் எர்த்தையும் மாற்றிப் பாருங்கள். அப்புறமும் கழற்றினால், எந்த பிராக்கெட்டையும் அறுக்காதீர்கள், ஓட்டையை வெல்டிங் வைக்காமல் தகடு போட்டு போல்ட்டில் மூடுங்கள். மோட்டார், பல்சக்கரம், போல்ட், வாஷர் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி, ஒரே டப்பாவில் போட்டு, வண்டி நம்பரை மேலே எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்த டப்பாவையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்பது சரி. அடுத்தவருக்கும் வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.