ஆற்றின் பெயரை ஆற்றின் மேல் எழுதுவோம்: கொள்கைப் பிரகடனம்

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. புலவர்களும் வள்ளல்களும் பலகைகளில் நிற்கிறார்கள். மழைக்காலத்தில் இதே மலையிலிருந்து இறங்கும் கானாறுகளுக்கும் பெயர் உண்டு. அவை பெரும்பாலும் பலகையில் இல்லை. மாடு மேய்த்தவர், தேன் எடுக்கப் போனவர், வயலுக்கு நீர் திருப்பியவர் ஆகியோரின் வாயில்தான் இருக்கின்றன. அந்த வாய்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவருகின்றன. அதற்குள் அந்தப் பெயர்களைப் பொது வரைபடத்தில், உரிய இடத்தில் ஏற்றிவிட இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

அந்தப் பொது வரைபடம் 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். அதை யாரும் திருத்தலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சாலைகளையும் கடைகளையும் அதில் ஆசையாக ஏற்றினோம். தண்ணீரை மட்டும் ஒரு நீலக்கோடாக இழுத்துவிட்டு நகர்ந்துவிட்டோம்.

பெயரில்லாத நீலக்கோட்டின் கதி என்ன என்பது தோல் பதனிடும் ஊர்களில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். முதலில் ஓடை, பிறகு கால்வாய், பிறகு சாக்கடை. வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில், மாசு செய்தவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலாற்றின் மாசுக்காக 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கழிவு எங்கே கலந்தது என்று மனுவில் எழுத இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும். ‘ஊருக்குக் கிழக்கே உள்ள வாய்க்கால்’ என்று எழுதினால், எந்த வாய்க்கால் என்று கேட்டே காலத்தைக் கடத்திவிடுவார்கள்.

ஆகவே பெயரை எங்கே, எப்படி எழுதுவது என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

பாலாறு நந்தி மலையில் பிறந்து, புல்லூர் அருகே தமிழகத்துக்குள் வந்து, வயலூரில் கடலைச் சேர்கிறது. மொத்தம் 348 கிலோமீட்டர். அதன் கோட்டை நீர் ஓடும் திசையிலேயே வரைவோம். பெயரை அந்தக் கோட்டில் எழுதுவோம். மணற்படுகையின் பரப்பில் இரண்டாம் முறை எழுத மாட்டோம். ‘க்ஷீரநதி’ என்ற பழைய பெயருக்கு மாற்றுப்பெயர்க் கட்டம் இருக்கிறது. உருதுவிலும் தெலுங்கிலும் எழுதத் தனித்தனிக் கட்டங்கள் உண்டு. வாணியம்பாடியில் உருது பேசும் வீடும் எல்லையோரத்துத் தெலுங்கு வீடும் தங்கள் ஆற்றைத் தங்கள் எழுத்தில் காண வேண்டும்.

வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது என்பதற்காகப் பாலாற்றை ஆற்று வகையிலிருந்து இறக்க விடமாட்டோம். பருவத்தில் ஓடும் ஆறு என்று குறிக்க வரைபடத்தில் வழி இருக்கிறது. 1903 வெள்ளத்தின் நினைவுத்தூண் வாணியம்பாடியில் நிற்கிறது. 2021 நவம்பரில் அந்த ஆறு இரு கரையும் தொட்டுப் பாய்ந்ததை நாமே பார்த்தோம்.

பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டுமே இருக்க வேண்டும். ‘வறண்டது’, ‘ஆபத்தானது’, ‘குளிக்க ஏற்றது’ எல்லாம் வேறு கட்டங்களுக்கு உரியவை.

நுணுக்கம் தேவைப்படுவது உறுப்புகளில்தான். ஏலகிரியில் ஓடிவரும் அட்டாறு விழும் இடம் ஜலகாம்பாறை. அருவியின் பெயரை ஓடை முழுவதற்கும் சூட்டுவது பிழை. ஓடையின் பெயரை அருவிக்குச் சூட்டுவதும் பிழை. அருவி என்பது கோட்டின் மேல் ஒரு புள்ளி, அதற்கு அதன் பெயர். ஜலகம்பாறை என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் மாற்றுப்பெயராகப் பதிவாகட்டும். மடுவுக்குச் சிறு நீர்ப்பரப்பு வரைந்து பெயரிடுவோம். ஆற்றைக் கடக்கும் துறைக்குப் புள்ளி, தடுப்பணைக்கு ஆற்றின் குறுக்கே ஒரு கோடு, நடுவில் எழும் திட்டுக்குத் தனிப் பரப்பு. ஒரே ஆற்றை ஒரு ஊர்க்காரர்கள் வேறு பெயரில் அழைத்தால், அந்த நீளத்தை மட்டும் வெட்டி அந்தப் பெயரை வைப்போம். முழு ஆற்றின் பெயரை, எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகக் கட்டும் ‘உறவு’ என்ற பதிவில் காப்போம். வளைவுக்கோ ஆழமான நீட்டத்துக்கோ இன்னும் வகைச்சொல் அமையாவிட்டால், பொருந்தாத வகையில் திணிக்காமல், குடியிருப்பில்லாத இடப்பெயராக வைத்துக் காத்திருப்போம்.

வேறு நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்த்து ஒரு பெயரையும் நகலெடுக்க மாட்டோம். அது உரிமை மீறல். அங்குள்ள பிழையும் கூடவே வந்துவிடும். ஓசை இனிமைக்காகப் புதுப்பெயர் சூட்டவும் மாட்டோம். அந்த நீரோடு வாழ்ந்த இருவராவது தனித்தனியே சொன்ன பெயரை, அவர்கள் உச்சரித்தபடி எழுதுவோம். அவர்கள் சொல்வது வேறுபட்டால் இரண்டையும் எழுதுவோம். அரசுப் பதிவில் உள்ள எழுத்து ஊர்வாயோடு ஒத்துப்போகாதபோது ஊர்வாய்க்கே முதலிடம்.

முதல் வேலை அட்டாறு. இந்தப் பருவமழை தொடங்குமுன் ஜலகாம்பாறையிலிருந்து அதன் ஓட்டத்தைப் பிடித்து மேலேறி, வந்து சேரும் ஒவ்வொரு ஓடையின் வாயிலும் நின்று பெயர் கேட்கப்போகிறோம். கூட வருகிறவர்கள் கைப்பேசியோடு, அந்தச் சரிவில் மாடு மேய்த்த ஒரு பாட்டியையோ தாத்தாவையோ அழைத்து வாருங்கள்.