நூலுக்குக் கிடைத்த காற்று

குற்றாலத்துப் பேரருவியின் அடியில் ஒருமுறையேனும் நின்றவர்கள், தலைமேல் ஜலம் விழுவதற்கு முன்பாகவே, இன்னும் பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில் இருக்கும்போதே முகத்தில் வந்து மோதும் குளிர்ந்த காற்றை நினைவில் வைத்திருப்பார்கள். மலைமேல் மரக்கிளைகள் அசையாமல் நிற்கும் வேளையிலும் அந்தக் காற்று ஓய்வதில்லை. உயரத்திலிருந்து விழும் நீர், தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்குகிறது. பாறையில் மோதிச் சிதறும்போது, தான் அழைத்து வந்த காற்றை அங்கே விட்டுவிடுகிறது. அந்தக் காற்று, திவலைகளால் கழுவப்பெற்றுக் குளிர்ந்து, நாற்புறமும் பரவுகிறது. வேகங்கொண்ட நீர் காற்றை நகர்த்தும், கழுவும், குளிர்விக்கும் என்னும் மூன்று உண்மைகளையும் இயற்கை அந்த ஓர் இடத்திலேயே நமக்குக் காட்டிவிடுகிறது.

மனிதன் இதை வெகுகாலத்துக்கு முன்பே கண்டு பிரயோஜனப்படுத்தியிருக்கிறான். பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிரனீஸ் மலைச்சாரலில் கட்டலோனியக் கொல்லர்கள், துருத்தி மிதிக்க ஆள் வைக்காமல், மேட்டு நிலத்து ஓடையைச் செங்குத்தான மரக்குழாய் ஒன்றில் விழச்செய்து, குழாயின் மேற்பக்கத் துளைகள் வழியே அந்நீர் இழுத்து வந்த காற்றைக் கீழேயிருந்த பெட்டியில் பிரித்தெடுத்து, அதைக்கொண்டே இரும்பு உருக்கும் உலையை ஊதினார்கள். கனடா தேசத்தில் கோபால்ட் நகரத்து வெள்ளிச் சுரங்கங்களுக்கு, 1910ஆம் ஆண்டில், இதே தத்துவத்தின்படி ஓர் ஆற்றின் வீழ்ச்சியிலிருந்தே அழுத்தக் காற்று எடுத்து அனுப்பினார்கள். இன்றும் தீயணைப்பு வீரர்கள், நெருப்பு அடங்கிய அறையில் புகை மண்டியிருக்கும்போது, உள்ளே நின்றபடியே ஜன்னலை நோக்கி நீரைக் குடைபோல் விரித்துப் பீய்ச்சுகிறார்கள். வெளியே பாயும் அந்த நீர் அறையின் புகையையெல்லாம் தன்னோடு இழுத்துச் சென்றுவிடுகிறது. விசிறியும் இல்லை, மின்சாரமும் இல்லை. அழுத்தத்தோடு வரும் நீர் ஒன்றே போதுமானதாகிறது.

இத்தனை எளிதாக நமக்கு வசப்பட்டிருக்கும் இந்தச் சக்தியை யாருடைய சுவாசத்துக்காக உபயோகித்தோம், யாரை மறந்தோம் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கோயமுத்தூருக்கு அண்மையிலுள்ள ஒரு நூற்பாலையைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சித்திரை மாதத்துப் பிற்பகல். வெளியே தார்ச்சாலை கண்ணைக் கூசச் செய்துகொண்டிருந்தது. ஆலைக்குள் நுழைந்தவுடன், இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே, மழை பெய்து ஓய்ந்த மாலையைப் போன்ற ஓர் ஈரமான இதம் உடம்பைத் தழுவியது. மேஸ்திரி ஒருவர் என்னைச் சுவருக்குப் பின்னால் இருந்த ஒரு பெரிய அறைக்கு அழைத்துச் சென்று, அதன் இரும்புக் கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியே பார்க்கச் சொன்னார். உள்ளே, வரிசை வரிசையாக நின்ற குழாய்களிலிருந்து எண்ணற்ற நாசில்கள் நீரைப் பனிப்படலமாகச் சீறிக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து இழுக்கப்பட்ட காற்றும், ஆலைக்குள்ளிருந்து பஞ்சுத் தூசியோடு திரும்பிய காற்றும் முதலில் வடிகட்டியில் தூசியை இழந்து, பின் அந்தப் படலத்தின் ஊடே புகுந்து, வளைந்து வளைந்து நின்ற தகடுகளில் நீர்த்துளிகளை உதிர்த்துவிட்டு, சுத்தமாக மேல்தளத்துக் குழாய்களில் ஏறிச் சென்றது. அடியிலிருந்த தொட்டியில், கழுவப்பட்ட பஞ்சு, பாலாடை போல் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தது.

“ஈரம் எறங்குச்சுன்னா நூலு நிக்காதுங்க, அறுந்துக்கிட்டே இருக்கும். அதனால ரெண்டு மணிக்கொருக்காப் பார்த்து எழுதி வெச்சர்றோமுங்க” என்று மேஸ்திரி, சுவரில் மாட்டியிருந்த இரட்டை வெப்பமானியைச் சுட்டிக்காட்டினார். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருந்தது, மற்றது உலர்ந்திருந்தது. இரண்டும் காட்டும் அளவுகளின் வித்தியாசத்திலிருந்து காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கிடுகிறார்கள். நூற்குமிடத்தில் அது 55 முதல் 60 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். தறிக்கூடத்திலோ அதனினும் அதிகமாக வேண்டும். பக்கத்தில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தில், ஷிப்டு தவறாமல், நீல மையில் அந்த அளவுகள் எழுதப்பட்டிருந்தன.

அன்று மாலை அவர் தம் மகளை அழைத்துவரப் பள்ளிக்குச் சென்றபோது நானும் உடன் சென்றேன். ஆலையிலிருந்து அரை மைல் தூரம்கூட இராது. தகடு வேய்ந்த நீண்ட கொட்டகை. சாலைப் புழுதிக்கும் இரைச்சலுக்கும் அஞ்சி ஒரு பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். ஐம்பதுக்குக் குறையாத குழந்தைகள் முதுகில் சட்டை ஒட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்தார்கள். தலைக்குமேல் இரண்டு விசிறிகள், அந்தக் குழந்தைகள் விட்ட மூச்சையே மறுபடி மறுபடி அவர்கள்மேல் சுழற்றிக்கொண்டிருந்தன. அந்த ஆலையையும் நான் குறை சொல்லவில்லை, அந்தப் பள்ளியையும் குறை சொல்லவில்லை. இரண்டும் நம் நாட்டில் எங்கும் காணக்கூடியவையே. ஆயினும், ஒரே தெருவில், நூலிழைக்காகக் கழுவிக் குளிர்வித்த காற்று ஒரு கட்டடத்திலும், குழந்தைக்குப் பழைய மூச்சு மற்றொரு கட்டடத்திலும் இருக்கக் கண்ட காட்சி என் மனத்தை விட்டு இன்றளவும் அகலவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வின் சரித்திரம் பழமையானது. லண்டன் பாராளுமன்றக் கட்டடம் 1834ஆம் ஆண்டில் தீக்கிரையான பின், தற்காலிகமாக அமைந்த மக்கள் சபைக்கு, 1836ஆம் ஆண்டில், டேவிட் பாஸ்வெல் ரீட் என்னும் ரசாயன அறிஞர், வெளிக்காற்றைத் திரையில் வடிகட்டி, நீரால் ஈரமூட்டி, தரையிலிட்ட எண்ணற்ற சிறு துளைகள் வழியே உறுப்பினர்களின் காலடியில் ஏறச்செய்து, கெட்ட காற்றைக் கூரை வழியே புகைபோக்கிக்கு அனுப்பினார். சட்டம் செய்வோருக்கு நல்ல காற்று முதலில் வந்தது. அடுத்து அது சரக்குக்கு வந்தது. 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதி அச்சகம் ஒன்றில் காற்றின் ஈரத்தை அடக்க முற்பட்டது, காகிதம் சுருங்கி விரிந்து வர்ணங்கள் இடம் மாறிப்போகாதிருக்கும் பொருட்டே. நீர்த்திவலைகளின் ஊடே காற்றைச் செலுத்தி அதன் ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அவருடைய சாதனத்துக்கு 1906ஆம் ஆண்டு ஜனவரியில் உரிமைப் பத்திரம் கிடைத்தது. அதே ஆண்டில், அமெரிக்காவின் வட கரோலினாவில் பஞ்சாலைகளுக்கு ஈரமூட்டும் தொழிலில் இருந்த ஸ்டூவர்ட் கிராமர் என்பவரே ‘ஏர் கண்டிஷனிங்’ என்ற சொற்றொடரை உண்டாக்கினார். இன்று நம் வீடுகளில் ‘ஏசி’ என்று சுருங்கி வழங்கும் அந்தச் சொல், பிறக்கும்போது பஞ்சின் நலத்தை நாடிப் பிறந்தது.

தொழிலாளியின் சரீரம் பிற்பாடுதான் கவனத்துக்கு வந்தது. லங்காஷையர் தறிக்கூடங்களில் நூல் அறாமலிருக்க நீராவியைப் பாய்ச்சி மனிதரை வேகவைத்த வழக்கத்தை எதிர்த்து நெசவாளர்கள் போராடியதன் பயனாக, 1889ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஈரப்பதத்துக்கு எல்லை வகுக்கும் சட்டம் பிறந்தது. சுதந்திர இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வேலை செய்யும் அறைகளில் புதுக்காற்று உலவவேண்டும் என்றும், செயற்கையாக ஈரமூட்டும் ஆலைகளில் அதற்கு எடுக்கும் நீர் பொதுக் குடிநீராகவோ செவ்வையாகச் சுத்திகரிக்கப்பட்டதாகவோ இருக்கவேண்டும் என்றும் விதித்தது. சுவாசிக்கும் நீரும் குடிக்கும் நீரைப்போல் தூய்மையாக இருக்கவேண்டும் என்று எண்ணிய அந்த நியாய உணர்ச்சியை நான் வணங்குகிறேன். அது ஆலையின் மதிலோடு நின்றுவிடக் கூடாது என்பதே என் விண்ணப்பம்.

ஒரு மனிதன் நாளொன்றுக்கு உட்கொள்ளும் காற்று ஏறத்தாழ 10,000 லிட்டர். எடைபோட்டால் அவன் உண்ணும் சோற்றையும் குடிக்கும் தண்ணீரையும்விடப் பன்மடங்கு அதிகம். அப்படியிருக்க, வசதி வந்தவுடன் நாம் செய்வது என்ன? ஜன்னல்களை அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்துகிறோம். சுவரில் தொங்கும் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து ஒரு துளிக் காற்றையும் கொண்டுவருவதில்லை. உள்ளிருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகின்றன. குளிர்ச்சி வேறு, காற்றோட்டம் வேறு என்பது நம் மனத்தில் பதியவேண்டும். பரிசுத்தமான வெளிக்காற்றை நீர்த்திவலைகளின் ஊடே உள்ளே செலுத்தி, எதிர்ப்புறத்து ஜன்னல் வழியே கெட்ட காற்றை வெளியேற்றும் முறை, குளிர்ச்சியையும் காற்றோட்டத்தையும் ஒருங்கே தருவதால்தான் அதற்காக வாதாடுகிறேன். கோடையில் ஜன்னலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, செம்பால் நீர் தெளித்து, அதன் வழியே மணத்தோடு வந்த காற்றில் உறங்கிய நம் முன்னோர்கள் இதன் பாதியை அறிந்தே இருந்தார்கள்.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள நாட்டில் இது சாத்தியமா என்று கேட்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. நூறு பேர் அமர்ந்த கூடத்துக்கு, ஆளுக்கு விநாடிக்குப் பத்து லிட்டர் புதுக்காற்று வீதம் கொண்டுவந்து, 38 டிகிரியிலிருந்து 27 டிகிரிக்குத் தணிக்க, மணிக்கு 20 முதல் 25 லிட்டர் நீர் ஆவியானால் போதும். அதாவது இரண்டு குடத்துக்கும் குறைவு. தொட்டியைக் கழுவுவதற்கு வேண்டியதையும் சேர்த்தால்கூட, நூறு உயிர்களுக்கு அது பெரிய செலவு என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

எனினும், இதை எங்கும் கண்மூடிப் பரப்பச் சொல்வது அறிவாகாது. கோவை, சேலம், கரூர், வேலூர் போன்ற உள்நாட்டுப் பகுதிகளில் கோடைப் பிற்பகலின் காற்று வறண்டது. 40 டிகிரி வெப்பமும் 20 சதவிகித ஈரமும் உள்ள காற்றை, நீர் ஏறத்தாழ 23 டிகிரிவரை தணிக்க வல்லது. கடலோரச் சென்னையிலோ, 36 டிகிரியில் 60 சதவிகித ஈரம் இருந்தால், எத்தனை நீரைத் தெளித்தாலும் 29 டிகிரிக்குக் கீழே இறங்காது, புழுக்கந்தான் மிஞ்சும். அங்கே உயர்ந்த ஜன்னல்களும், காற்றை வெளியேற்றும் விசிறிகளுமே கதி. வறண்ட ஊரிலும் கெட்ட காற்று வெளியேற வழியில்லாவிட்டால் பயன் கெடும். ஒரு கல்யாண மண்டபத்தில், கதவுகளைச் சாத்திவிட்டு நீர் தெளிக்கும் விசிறிகளைச் சுழலவிட்டிருந்த பந்தியில் உட்கார்ந்து, அரைமணி நேரத்தில் இலையிலிருந்த அப்பளம் துவண்டுபோனதையும், முதியவர் ஒருவர் மூச்சுக்குத் திணறி எழுந்து வெளியே சென்றதையும் நான் கண்டிருக்கிறேன். நீர் தூசியைக் கழுவும். மனிதர் விட்ட கரியமில வாயுவை அது போக்காது. நுண்ணிய புகைத்துகளில் பெரும்பகுதியும் அதற்கு அகப்படாமல் தப்பிவிடும்.

இவை எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விடுதி ஒன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே இனந்தெரியாத நுரையீரல் காய்ச்சல் பரவிப் பலர் உயிரிழந்தனர். அதற்குக் காரணமான கிருமி, வெதுவெதுப்பான தேங்கிய நீரில் பெருகி நுண்திவலைகளோடு சுவாசத்தில் புகுவது என்பது பின்னர் வெளிப்பட்டது. ஆகையால் தொட்டியை முறையாக வடித்துக் கழுவாத ஒருவன் கையில் இந்தச் சாதனத்தை ஒப்படைப்பதைவிட, அதை நிறுவாமலிருப்பதே நன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நீரின் தூய்மையை வற்புறுத்திய ஞானத்தை, ஆலைக்கு வெளியே வரும் எந்தத் திட்டத்துக்கும் முதல் நிபந்தனையாக வைக்கவேண்டும்.

உள்நாட்டு மாவட்டங்களின் அரசுப் பள்ளிகள், மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்கள், பேருந்து நிலையங்களின் பயணியர் அறைகள் ஆகியவற்றில், நல்ல நீரும், வெளியேறும் வழியும், பொறுப்பான பராமரிப்பும் இருக்குமிடத்தைத் தேர்ந்து, சிலவற்றிலேனும் இந்த முறையை ஆரம்பித்துப் பார்க்கலாம். பஞ்சாலைகளில் இந்தக் கலையில் ஆயுளைக் கழித்த மேஸ்திரிகளும் பொறியாளர்களும் நம் கொங்கு நாட்டிலேயே இருக்கிறார்கள். யோசனை கேட்க அயல்நாடு செல்லவேண்டியதில்லை.

அதற்கும் பணமில்லை என்றால், காசு அதிகம் தேவைப்படாத ஒன்றைக் கேட்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில், ஈரத்துணி சுற்றிய குமிழோடு ஓர் இரட்டை வெப்பமானி தொங்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். இரண்டு மணிக்கொருமுறை ஒரு குழந்தை எழுந்து சென்று, அளவைப் பார்த்து, நீல மையில் எழுதி வைக்கட்டும். நூலுக்கு எழுதிய கணக்கைக் குழந்தைக்கும் எழுதத் தொடங்கிய பின்பு, சாத்திய ஜன்னல் வெகுநாள் சாத்தியபடி இருக்காது.